ஒரு சிறு கோடு

பிராகா நகரின் குடிநீர் நிறுவனத்தில்
மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை என்னுடையது.
மாதந்தோறும் எண்பதாயிரம் வீடுகளுக்கு
ஒரே கடிதத்தை எழுதுகிறேன்.
யாரும் பதில் போடுவதில்லை.
பணம் போடுகிறார்கள்.

அந்தப் பழைய பில்லில்
ஆகப் பெரிய எழுத்து வாடிக்கையாளர் எண்ணுக்கு.
அடுத்துப் பெரியது எங்கள் சின்னத்துக்கு.
கட்டவேண்டிய தொகையோ
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினால்
கழிவுநீர்க் கட்டணத்துக்குக் கீழே
ஓர் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்
குனிந்து உட்கார்ந்திருக்கும்.

ஏப்ரலில் ஒரு மழைநாள்
கவுண்டரிலிருந்து ஜசிந்தா கூப்பிட்டாள்:
"சிப்ரியானோ, கீழே வா. இதை நீ பார்க்கணும்."

தெவோலிந்தா வாஸ்.
பேருந்து நிலையத்தில் இரவுத் துப்புரவு.
நான்கு பில்களைத்
துணிக்கிளிப்பில் கோத்து வைத்திருந்தாள்.
ஜனவரி, முப்பத்தொன்று நாற்பது. கட்டிவிட்டாள்.
பிப்ரவரி, ஐம்பத்து மூன்று எழுபது. கட்டிவிட்டாள்.
மார்ச், தொண்ணூற்றொன்பது நாற்பது.
அக்காளிடம் வாங்கிக் கட்டிவிட்டாள்.
ஏப்ரல், நூற்றுத் தொண்ணூற்றைந்து அறுபது.

"தண்ணீரைக் குறைத்துவிட்டேன் ஐயா.
குளியல் வாரத்துக்கு இரண்டுதான்.
குறைக்கக் குறைக்க ஏறுகிறதே?
தவணையில் கட்டலாமா?"

ஒவ்வொரு தொகைக்கும் முன்னால்
மயிரிழையாய் ஒரு கழித்தல் குறி.
கட்டத்தின் ஓரக்கோட்டோடு ஒட்டி
அழுக்கோ அச்சுப்பிழையோ என்னும்படி.

மீட்டரைத் தப்பாகப் படித்தது நாங்கள்.
முப்பத்தொரு யூரோ நாற்பது சென்ட்டை
அவளுக்குத் தரவேண்டியது நாங்கள்.
நாங்கள் தரவேண்டியதையெல்லாம்
அவள் எங்களுக்குத் தந்துகொண்டிருந்தாள்.
தரத்தர அது வளர்ந்தது.

அந்த எழுத்துருவைத் தேர்ந்தவன் நான்.
மெலிதாக இருக்கிறது, நாகரிகமாக இருக்கிறது என்று
கூட்டத்தில் பேசியவனும் நானே.

அன்றிரவு அட்டவணையைக் கிழித்தேன்.
தாளின் தலையில், தடித்த எழுத்தில்:
*நாங்கள் உங்களுக்கு 195.60 யூரோ தரவேண்டும்.
நீங்கள் எதுவும் கட்டவேண்டாம்.*
சுற்றிலும் வெள்ளை இடம்
விரலால் தொட்டுப் படிக்கலாம் போல.

சட்டப்பிரிவிலிருந்து டாக்டர் குயித்தேரியா
பச்சை மையில் திருப்பி அனுப்பினார்:
"தரவேண்டும் என்பது ஒப்புதல் ஆகிவிடும்.
வாடிக்கையாளர் சார்பிலான எதிர்மறை நிலுவை
என மாற்றுக."
மாற்றவில்லை. வந்தது, போனது, வந்தது.
மூன்று வாரம்.

கடைசியில் அந்த நான்கு பில்களின் நகலைக்
கிளிப்போடு அவர் மேசையில் வைத்தேன்.
(கிளிப் என் வீட்டுக் கொடியிலிருந்து.)
அவர் கால்குலேட்டரை எடுத்தார்.
இரண்டாம் பில்லில் முனகினார்.
மூன்றாம் பில்லில் கால்குலேட்டரை மூடிவிட்டார்.
'நாங்கள்' என்பதை மட்டும் அடித்து
'நிறுவனம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
அதற்கு நான் வாதாடவில்லை.
வாதாடியிருக்கலாம்.

ஜூலையில் புதிய பில் போனது.
தெவோலிந்தாவின் கணக்கைத் திறந்து பார்த்தேன்,
பார்க்கக்கூடாதுதான்.
மாதம் ஒன்பது யூரோ பத்து. பழைய அளவு.
குளிக்கிறாள்.

மறுவாரம் மறுபடி வந்தாள், கிளிப் இல்லாமல்
ஒற்றைத் தாளோடு.
ஜசிந்தா கேட்டாள்: "புரிந்ததா?"
"முதல் வரியிலேயே புரிந்தது.
நூற்றறுபத்தெட்டு முப்பது எனக்கு வரணும்.
எங்கே வந்து வாங்கிக்கிறது?
அதைப் போடலியே இதில்?"

ஜசிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் தாளை வாங்கி
மேலிருந்து கீழே வந்தேன்,
புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன்.

இடம் நிறைய இருந்தது.