எங்கே வைக்கிறாய்

தியோ மலைச்சாலையின் ஆறாவது வளைவில்
வண்டியை நிறுத்தி
மரத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டான் ஜோரெதி, என் தம்பி.
மயில்துத்தம் கரைத்தாற்போல்
நீலமாய் வழிந்தது பால்.

"நிக்கல்," என்றான்.
"நாங்கள் மலையை உடைத்து எடுப்பதை
இது சும்மா நின்றபடி எடுக்கிறது."

நூமேயா மருத்துவமனையில்
கல்லீரல் துணுக்குகளைச் சீவிச் சாயமேற்றுகிறவள் நான்.
எனக்கு மரம் தெரியவில்லை, அறைகள் தெரிந்தன.
இலைச் செல் ஒவ்வொன்றிலும் ஒரு நுண்குமிழ்,
முக்கால் வீட்டை அடைத்துக்கொண்டு.
வேர் குடித்துத் தொலைத்ததையெல்லாம்
அங்கே புளிப்பில் ஊறப்போட்டுக்
கதவைச் சாத்தியிருக்கிறது.
ஓரமாய் ஒதுங்கிய பச்சையம்
வெயிலைச் சமைக்கிறது, ஒன்றும் நடக்காததுபோல.

இலை ஒருநாள் உதிரும்.
வாங்கிய மண்ணுக்கே கணக்குத் தீரும்.

கத்தி சறுக்கி அவன் விரலும் கிழிந்திருந்தது.
வண்டிப் பெட்டியில் கிடந்த பெராக்சைடை ஊற்றினேன்.
குபுகுபுவென்று நுரை.
"பீர் மாதிரி இருக்கிறது," சிரித்தான்.

அவனுக்குச் சொல்லவில்லை:
இதே வேலை, நுரையும் ஓசையும் இல்லாமல்,
அவன் ஈரலுக்குள் இப்போதும் நடக்கிறது.
பெராக்சிசோம் என்னும் பொடிப் பைகள்
ஒரு நஞ்சை முறிக்கப்போய்
இன்னொன்றை உண்டாக்கி,
உண்டாக்கிய கையோடு
நீரும் காற்றுமாய் அதையும் உடைத்துவிடும்.
தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கும் அந்த நேர்மை
நான் அறிந்த எந்தச் சுரங்கத்துக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் குடிக்கிறான்.
ஒரு வருடமாக, மற்ற நாள்களிலும்.
குடிக்கக் குடிக்க
வழவழ வலைச் சவ்வுகள் உள்ளே பெருகும்,
வேலை கூடிய பட்டறையில் ஆள் சேர்ப்பதுபோல.
யாருடையதோ ஒரு தகட்டில் பார்த்தேன்:
தேய்த்த கண்ணாடியாய் மங்கிய செல்கள்.
பெயர் இல்லை. எண் மட்டும்.
பிறந்த ஆண்டு இவனுடையது.

பிறகு லைசோசோம்கள்.
தேய்ந்த மைட்டோகாண்ட்ரியா, கிழிந்த சவ்வு, நுழைந்த கிருமி
எதுவானாலும் விழுங்கி, அமிலத்தில் அரைத்து,
திரும்பச் செலவழிக்கும் சில்லறையாய் மாற்றித் தரும்.
பட்டினி நாளில் வீட்டுச் சாமானையே விற்றுச்
சோறு போடுவதும் அவைதான்.

செரிக்காதது?

பைக்குள்ளேயே தங்கும். பழுப்புப் பொடி.
சாயம் போடாமலே தெரியும்.
வயது ஏற ஏற அடர்ந்து,
நம்மிடம் உதிர்க்க இலை இல்லாததால்
அப்படியே இருக்கும்.

இந்த வளைவில்தான்
காஸ்பாரின் லாரி உருண்டது.
பின்னால் வந்த லாரி ஜோரெதியுடையது.
அதைப்பற்றி இதுவரை
ஒரு சொல் பேசியதில்லை அவன்.
நானும் இன்று கேட்கவில்லை.
மரத்தைப் பற்றியே பேசினோம்.

விரலுக்கு ஒட்டியதுபோக ஒரு பிளாஸ்திரி மிச்சமிருந்தது.
அதை வாங்கி
மரத்தின் கீறல்மேல் அழுத்தி ஒட்டினான்.
ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினான்.
நீலம் கசிந்து துணியை நனைத்து
அவன் கட்டைவிரல் வரை வந்தது.

துடைக்காமல்
வண்டியைக் கிளப்பினான்.