நீலியின் கழுத்தளவு

முப்பத்தாறு சென்டிமீட்டர்.
தையல் நாடாவால் அளந்தேன்.
அவள் நாடாவைத் தின்னப் பார்த்தாள்.

ஹெய்ஃபீல்டில் வேட்டைச் சாமான் விற்கிற கடை.
மொரீன் இரண்டு பெட்டிகளை மேசையில் வைக்கிறாள்,
விலை ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் மறைத்தபடி.
"முதலில் முத்திரை. விலை பிறகு."

ஹூஸ்டனில் இருந்து மச்சான் சத்தியேந்திரன்
நேற்றும் எடுத்தான்:
"இஞ்சை அரைவாசிதான் விலை.
பதினாலு கிலோமீட்டர் பிடிக்கும்.
உடுப்புக்குள்ளை சுத்தி அனுப்பிவிடுறன்,
ஆர் பாக்கப் போகினம்?"

ஆர் பாக்கப் போகினம்.
இதே கேள்வியை முன்பும் கேட்டிருக்கிறேன்,
ஒரு மீன்பிடி வள்ளத்தின் விளிம்பில், நள்ளிரவில்.
அப்போதும் கேட்டவர் கரையில்தான் நின்றார்.

போன குளிர்காலம் க்ளென்மாகி ஏரிக்கு மேலே
எங்கள் குழுவுக்குப் புதிதாய் வந்தவன்
அப்படி ஒரு பட்டியை மாட்டிக்கொண்டு வந்தான்,
தன் நாய்க்கு.
மேட்டுக்கு அந்தப் பக்கம் நாய்.
கைக்கருவியில் அம்புக்குறி
துல்லியமாய்த் துடித்தது, எல்லோரும் பொறாமைப்பட்டோம்.
அதே நேரம் எங்கள் சமையலறையில்
வதனியின் தீயணைப்பு வானொலி
சில நொடிக்கு ஒருதரம் கீச்சிட்டது.
பல்லி என்று நினைத்தாளாம்.
கீச்சுக்கு நடுவே ஒரு குரல்
பாலத்தடியில் கவிழ்ந்த பாரவண்டியைப் பற்றிச்
சொல்லிக்கொண்டே இருந்தது.
எந்தப் பாலம் என்கிற சொல் மட்டும்
ஒவ்வொரு முறையும் நாயின் வாய்க்குள் போயிற்று.

மூன்று பாலத்துக்கும் ஆள் ஓடினார்கள்.
சாரதி பிழைத்தார். இடது கால் இல்லை.
பட்டியால்தான் என்று எவரும் நிரூபிக்கவில்லை.
வதனி நிரூபணம் கேட்கவுமில்லை,
அவனுக்குத் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்,
அவ்வளவுதான்.

முதல் பெட்டியைத் திறக்கிறேன்.
மலிவானது; உள்ளங்கை கொஞ்சம் விலகியதில் தெரிந்துவிட்டது.
அட்டையில் முத்திரை பளிச்சென்று இருக்கிறது.
பட்டியை எடுத்துப் புரட்டுகிறேன்.
கொக்கி, மின்கலம், ஆரஞ்சு நிற அன்டெனா,
உள்மடிப்பு, அதற்கும் உள்ளே.
ஒன்றுமில்லை.

மொரீன் கண்ணாடியை ஏற்றுகிறாள். இறக்குகிறாள்.
"பெட்டியைத்தான் பார்த்தேன் நான்.
ஏழு விற்றிருக்கிறேன்."

என்ன சொல்வது அவளுக்கு?
பதினொரு வருடம்
ஆறு மாதத்துக்கொருமுறை வந்த கடிதங்களின்
பின்பக்கத்தை வாசித்தே பழகியவன்.
முன்பக்கம் எப்போதும் மரியாதையாய்த்தான் இருக்கும்.

அவள் கொப்பியைத் திறந்து
ஏழு பேருக்கும் தொலைபேசி எடுக்கத் தொடங்குகிறாள்.
நான் இரண்டாவது பெட்டியோடு நிற்கிறேன்.
ஒன்பது கிலோமீட்டர்தான்.
கொஞ்சம் பாரம். மர ஆலையில் ஒரு கிழமைச் சம்பளம்.
புரட்டினால் தோலில் அழுத்தின முத்திரை,
விரலுக்குத் தெரிகிற ஆழத்தில்.

நாங்கள் துரத்துகிற மரைக்கும் இலங்கைதான் ஊர்.
நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி
யாரோ கப்பலில் ஏற்றிவந்து வேலியைத் திறந்துவிட்டார்களாம்.
அதனிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை.
சுடுவதற்குத்தான் பத்திரம்,
அது என்னிடம் இருக்கிறது.
இதில் சிரிக்க ஏதோ உண்டு,
காட்டுக்குள் தனியாய் நிற்கும்போது சிரிப்பேன்.

"எவ்வளவு பாரமாய் இருந்தாலும்
இரண்டு விரல் நுழையக் கட்டு,"
என்கிறாள் மொரீன், தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி.

இரவு. பட்டி மாட்டிய நீலி
வேலிக்குக் கீழே நுழைந்து இருட்டுக்குள் போனாள்.
வதனி வானொலியைக் காதோடு வைத்திருந்தாள்.
மாஃப்ராவில் யாரோ புல் எரிக்க அனுமதி கேட்டார்கள்.
கேட்ட ஒவ்வொரு சொல்லும் முழுதாய் வந்தது.
பல்லி இல்லை.

திரையில் அம்பு நகர்ந்து நகர்ந்து
நானூறு மீட்டரில் நின்றது.
டார்ச்சோடு போனோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பக்கத்து வளவு எடித்தின் குப்பைத்தொட்டி.
தலை உள்ளே, வால் வெளியே,
அன்டெனா மட்டும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி.