பட்டாணியும் சிவப்பு வாளியும்

மருதானை ஷெட்டின் மூலையில் ஓர் எஞ்சின்.
பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி:
சில்லு ஆறு, புகைக்குழாய் ஒன்று,
வயிற்றில் பூசிய சிவப்பு இன்னும் காயவில்லை.
பெயர் பட்டாணி.
வாய் மட்டும் பூசணி.

"கடல் ஏன் கரைக்கு ஓடி ஓடி வருது?
என்னைப் பார்க்கத்தான்!
காலிமுகத் திடலில் பட்டம் ஏன் பறக்குது?
என் புகையைத் தொட்டுக் கும்பிடத்தான்!"

பதுளை வரைக்கும் மலையேறி,
மழையில் நனைந்து கறுத்துத் திரும்பிய
பெரிய எஞ்சின்கள் பக்கத்தில் நிற்கும்.
ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.
மலையைப் பற்றி அவை வாய் திறந்ததில்லை.

வெள்ளவத்தை ஸ்டேஷன் சுவரில்
ஆணியில் தொங்குது ஒரு வாளி.
அதுவும் சிவப்பு.
நெருப்புப் பிடித்தால் அணைக்கவென்று
உள்ளே நிறைய மணல்.
நெருப்போ, ஒரு நாளும் பிடித்ததில்லை.
ஆகவே அதற்குள்
கிழிந்த டிக்கெட், கச்சான் கோது,
யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு.

"ஏய் வாளி!" என்றது பட்டாணி.
"நீயும் சிவப்பு, நானும் சிவப்பு,
வெட்கமாயிருக்கு எனக்கு!
சில்லில்லை, விசிலில்லை, போக ஓர் ஊரில்லை,
தொங்குவதும் ஒரு தொழிலா?"

வாளி பேசவில்லை.
வாளிதானே.

ஆனி மாதம். சோளகம் எழும்பிய காலை.
ஃபயர்மன் முஸம்மில் சாக்கோடு வந்தார்.
"பெட்டியைத் திற, மணல் போடவேணும்.
கடலோரம் இன்றைக்குத் தண்டவாளம் வழுக்கும்."
"மணலா? எனக்கா?
அது நண்டுக்குப் பாய்!
என் மினுக்கம் என்னாவது?"
மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
முஸம்மில் இழுத்தார், தட்டினார், உதைத்தும் பார்த்தார்.
மணி அடித்துவிட்டது.

கோட்டையை விட்டுக் கூவிப் புறப்பட்டது,
கொம்பனித்தெருவில் கொக்கரித்தது,
கொள்ளுப்பிட்டியில் கொஞ்சம் குதித்தது,
பம்பலப்பிட்டியில் பல்லைக் காட்டியது,
வெள்ளவத்தையில்
நின்றது.

நின்றதா? ஆளேற்ற நின்றதுதான்.
அதற்குள் ஓர் அலை
கருங்கல்லில் ஏறி, எட்டி,
தண்டவாளத்தைக் கழுவிவிட்டுப் போனது.

டிரைவர் யூஜின் கைபிடியை இழுத்தார்.
சில்லு சுற்றுது. வண்டி நிற்குது.
இன்னும் இழுத்தார்.
சில்லு இன்னும் வேகமாய்ச் சுற்றுது.
வண்டி இன்னும் நன்றாய் நிற்குது.

"ஆனையையும் இழுப்பேன்" என்ற பட்டாணிக்கு
அரை அங்குலம் கிடைக்கவில்லை.
யன்னலில் தலைகள்.
மீன்கூடைக்காரி மரியதெரேசா கேட்டார்:
"என்ன, எஞ்சினுக்கு வயிற்றோட்டமோ?"
ஈரத் தண்டவாளத்தில் ஒரு நண்டு
பக்கவாட்டில் நடந்தே
பட்டாணியை முந்திப் போனது.

புகை குறைந்தது.
"மணல்..." என்றது பட்டாணி, மிக மெல்ல.
"கொஞ்சம் மணல் இருந்தால்..."

கரை மணலோ சொட்டச் சொட்ட ஈரம்.
முஸம்மில் சுற்றுமுற்றும் பார்த்தார்.
ஆணியைப் பார்த்தார்.
ஸ்டேஷன் மாஸ்டர் சிற்றம்பலம் தலையசைத்தார்.

கூரையின் கீழே, காய்ந்து, காத்திருந்த மணல்.
டிக்கெட்டோடும் கோதோடும் வெற்றிலைச் சாறோடும்
பிடி பிடியாய்ச் சில்லின் முன்னால் விழுந்தது.
சரக்.
சரக், சரக்.
மணல் பிடித்தது. சில்லு பிடித்தது.
வண்டி அசைந்தது.

பட்டாணி அன்றைக்கு விசில் ஊதவில்லை.
மறந்துபோச்சு என்று ஷெட்டில் சொன்னதாம்.
மறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள் சாக்கைக் கண்டதும்
மூடி தானாகவே திறந்தது.
பீற்றல் முழுக்கப் போனதா?
எங்கே! பட்டத்தின் கதை இன்னும் நடக்குது.
கடலின் கதையை மட்டும் விட்டுவிட்டது.

வெள்ளவத்தையில் வாளி பழைய ஆணியில்.
புது மணல். அதற்குள்
ஏற்கெனவே ஒரு கச்சான் கோது.
கடந்து போகையில் பட்டாணி
யாருக்கும் கேட்காமல் ஒரு சின்ன 'கூ'.

வாளி பேசாது. வாளிதானே.
கோச்சி போன காற்றில்
கொஞ்சம் ஆடும்.