எண் நாற்பத்தொன்று

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
ஏழாம் மேசை.
வெளியே மொராவியாவின் பிப்ரவரி,
ஜன்னல் விளிம்புவரை பனி.
உள்ளே எழுபத்தாறு புட்டிகள்
லேபிள் உரிந்து, பெயர் போய்,
கழுத்தில் எண் மட்டும் மாட்டிக்கொண்டு
பட்டாளத்து மருத்துவச் சோதனைக்கு வந்த
பையன்களைப் போல நிற்கின்றன.

என் வேலை ஊற்றுவது.
நூறு மில்லி, இரண்டு விரல் நுரை.
பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது.

முதலில் பில்ஸ்னர்.
கசப்பு வந்தது, உட்காரவில்லை,
சொல்லாமல் எழுந்து போய்விட்டது.
"குற்றமில்லை" என்று எழுதினார்
பல் மருத்துவர் யித்கா.
பிறகு யோசித்து, "அதுதான் குற்றம்."

அடுத்தது கோதுமை பீர்.
வாழைப்பழம், கிராம்பு,
முந்தாநாள் மடித்துவைத்த ஈரத் துண்டு.

செர்ரி போட்ட புளிப்புக்கு
ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் லுபோர்
ஒற்றைக் கண்ணை மூடினார்.
"மழையில் நனைந்த குதிரைச் சேணம்" என்றார்.
இந்த மேசையில் அது பாராட்டு.

ஸ்டவுட்டுக்கு நாலு பக்கம் எழுதினார்கள்:
கருகிய ரொட்டியின் அடி, வெல்லப்பாகு,
சோயா, பழைய டார்ச் லைட்டின் பாட்டரி.
நாக்குக்கென்று சொந்தமாய்ச் சொல் ஏது?
சமையலறை, லாயம், ஆஸ்பத்திரி என்று
வீடு வீடாய்ப் போய்க் கடன் வாங்குகிறது.

பிறகு புகை பீர்கள்.
நாற்பத்தொன்றை எடுத்தபோது
என் மணிக்கட்டு கொஞ்சம் கனத்தது.

மூன்றாம் நீதிபதி ராதிம்
பழைய தீயணைப்பு நிலையத்தில் பீர் காய்ச்சுகிறவர்.
இந்த ஆண்டு லாகர் மட்டும்தான் அனுப்பியதாக
அவருக்கு நினைப்பு.
லாகர் புட்டிகள் வண்டியிலேயே உறைந்து வெடித்ததும்,
கடைசி நாள் இரவு பின்வாசலில்
அவர் மனைவி ஹெட்விகா
வேறொரு பெட்டியை என் கையில் திணித்து
"ராதிம்கிட்ட மூச்சு விடாதே" என்றதும்
அவருக்குத் தெரியாது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
முகர்ந்தார். கண்ணை மூடினார்.
ஒரு வாய். கொஞ்சம் ரொட்டி. இன்னொரு வாய்.
இடதுபக்கம் சாயும் எழுத்தில் எழுதத் தொடங்கினார்:

"தீயை அணைத்த பிறகு மிஞ்சிய மெத்தை.
புகைக்கு அடியில் வெண்ணெய்;
ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டிருக்கிறார்.
இவர் தன் பீரைத் தானே குடித்துப் பார்ப்பதில்லை.
வீட்டில் யாராவது துணிந்து சொன்னால் நல்லது."

ஐம்பதுக்குப் பத்தொன்பது.

யித்காவுக்குப் பிடித்திருந்தது.
உப்புக்கண்டம் போல, தூரத்துச் சருகுத் தீ போல
என்று முப்பத்தொன்று போட்டிருந்தார்.
ஏழுக்கு மேல் இடைவெளி கூடாது, விதி.
ராதிம் பத்து நிமிடம் பேசினார்.
அவ்வளவு தெளிவாக, அவ்வளவு இரக்கமில்லாமல்
அவர் பேசி நான் கேட்டதில்லை.
யித்கா இருபத்தாறுக்கு இறங்கினார்.

விதிப்படி நான் கை தூக்கியிருக்க வேண்டும்.
கையில் குடுவை இருந்ததே என்று
பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதிப்பெண் தாள்கள் மார்ச்சில் தபாலில் போயின.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன்.
செப்புக் கொப்பரைக்கு மேலே,
முன்பு தலைக்கவசம் தொங்கிய ஆணியில்
அந்தத் தாள்.
இடதுபக்கம் சாயும் எழுத்து.
அடியில் சிவப்பு மையில், உருண்டையாக, வேறொரு கை:
"நீதிபதி ஐயாவுக்கு நன்றி.
டிசம்பரிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்."

ராதிம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
குழாயைத் திறந்து ஒரு கோப்பை நிரப்பினார்,
எண் இல்லாத கோப்பை.
ஊற்றியே பழகிய என்னிடம்
முதல் தடவையாக ஒருவர் நீட்டுகிறார்.

புகை. அதற்குப் பின்னால், நிதானமாக,
எதுவோ ஒன்று.
வீடு வீடாய்ப் போய்ச் சொல் தேடினேன்.

நுரை முழுக்க அடங்கும்வரை
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.