கல்லாறு வரை

பிளெசியின் புருவத்தில் மூன்று தையல்.
குன்னூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்:
தெரு நாயா, வீட்டு நாயா?
செலின் என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் தடுப்பூசி அட்டவணையைப்
படித்துக்கொண்டிருந்தேன்.

சோடாவுக்குப் பன்னிரண்டு வயது.
சோடாப் பெட்டியில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர்.
கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றும் என் பிக்கப்பில்
இடப்பக்கச் சீட்டு அதனுடையது.
மூட்டை தூக்கும் ரங்கப்பன்கூடப்
பின்னால்தான் நின்று வருவான்.
ஒரு மார்கழி விடிகாலை, பனிக்குள்
காட்டெருமை நிற்பதை என்னைவிட முன்னால் அது கண்டது.
அன்று குரைக்காமல் இருந்திருந்தால்
பிளெசி என்று ஒருத்தி பிறந்தே இருக்கமாட்டாள்.
இதையும் செலினிடம் சொல்லிப் பார்த்தேன்.
"அதுக்காக?" என்றாள்.
அதற்கு மேல் என்னிடமும் ஒன்றுமில்லை.

முதலில் கேஸ் போடுகிறவனை.
பிறகு மச்சானின் முழங்காலை.
பிறகு இருட்டில் சாக்கு விரிக்கப்போன என் கையை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.
சிலிண்டர் உருளும் சத்தம் ஆகாது,
மச்சான் குடித்திருந்தான்,
தூக்கத்தில் பயந்துவிட்டது.
பிளெசிக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.
அவள் அதன் காதில்
ஏதோ ரகசியம் சொல்லப் போயிருக்கிறாள்.

மாசியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்.
"காலையில ஒண்ணும் குடுக்காதீங்க, மயக்க மருந்து" என்றார் டாக்டர்.
இரண்டு வாரம் பழைய சோடா.
பிறகு இடது கண்ணிலும் பால் படிந்தது.
"இனிமே இப்படித்தான். கட்டிப் போடுங்க. இல்லைன்னா..."
அந்த இல்லைன்னாவை முடிக்காமல்
கை கழுவப் போனார்.

கட்டிப் போட்டோம்.
ராத்திரி முழுக்கச் சங்கிலி சிமென்டில் உரசும் சத்தம்.
தண்ணீர்த் தட்டில் காலையில் ஐஸ் ஏடு.
பக்கத்து லைன் ஸ்டான்லி சொன்னான்,
"மேட்டுப்பாளையத்துல விட்டுட்டு வா.
குளிர் கிடையாது, கறிக்கடை நிறைய. பொழைச்சுக்கும்."

பொழைச்சுக்கும், பொழைச்சுக்கும் என்று
பர்லியார் தாண்டும்வரை வாய்க்குள் வைத்துக்கொண்டே ஓட்டினேன்.
மண்டியில் விட முடியவில்லை.
அங்கே எல்லாருக்கும் சோடாவைத் தெரியும்.
காலி வண்டியோடு திரும்பும்போது
கல்லாறில் பாக்குத் தோப்பு ஓரம் கதவைத் திறந்தேன்.
காலைத் தூக்க முடியாமல்
பெட்டை நாய்போல் குந்தி ஒன்றுக்குப் போனது.
நான் எஞ்சினை அணைக்கவில்லை.

முன்னால் இன்னொரு வெள்ளைப் பிக்கப்.
டிரைவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.
சோடா நேராகப் போய்
அந்த வண்டியின் இடப்பக்கக் கதவடியில் நின்றது.
குரைக்கவில்லை. வாலாட்டவில்லை.
கதவு எப்படியும் திறக்கும் என்று நின்றது.
அவன் கல் எடுக்கக் குனிந்தான்.
எனக்கு விசில் வரவில்லை, வாய் காய்ந்துவிட்டது.
ஹாரனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மலை ஏறும்போது
வளைவுக்கு வளைவு என்மேல் சாய்ந்தது.
கியர் மாற்றும்போதெல்லாம்
என் கையைப் பார்த்து உறுமியது.

ராத்திரி டாக்டருக்குப் போன் செய்தேன்.
"ஒன்பதரைக்குக் கொண்டுவாங்க."
"வெறும் வயித்தோடவா சார்?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"வேண்டாம். என்ன பிடிக்குமோ குடுங்க."

பேக்கரி ஷட்டர் பாதி தூக்கியிருந்தபோதே
குனிந்து உள்ளே போய்
கால் கிலோ வர்க்கி வாங்கினேன். இன்னும் சூடு.
முதல் வர்க்கியோடு கட்டைவிரலையும் சேர்த்துக் கவ்வியது.
பல் இருக்கிற பக்கம்.
கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

செலின் கதவைச் சாத்தியிருந்தாள்.
ஜன்னல் கண்ணாடியில்
பிளெசியின் மூச்சு ஒரு வட்டம் போட்டிருந்தது,
அதற்கு மேலே பிளாஸ்திரி.
"இன்னொண்ணு குடுப்பா" என்றாள்.

கொடுத்தேன்.