மிச்சம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
எங்கள் குடியிருப்பின் விதிப்புத்தகம் தாராளம்:
வீட்டுக்கு ஆண்டுக்கு முப்பது நாள்.
மிஞ்சியது அடுத்த ஆண்டில் சேராது.
பத்தொன்பது நிரம்பாதவர்கள்
பதினொன்று முதல் ஒரு மணிவரை நீந்தலாம்.
ஐம்பத்தைந்து தாண்டிய நாங்கள்
எந்நேரமும் மூழ்கலாம்.

அரிசோனாவில் ஜனவரி.
எதிர்வீட்டின், பதினாலாம் எண்ணின், கதவுப்பிடியில்
ஒரு சாவிப்பெட்டி முளைத்திருந்தது.
நாலு எண் அழுத்தினால் வாய் திறக்கும்.
அப்புறம் சரளைக்கல்லில் சக்கரப்பெட்டிகள்
கடகடத்தபடி வரத் தொடங்கின.

குறித்துவைத்தேன். செயலாளர் நான்.
நாலாம் தேதி: வெள்ளைக் கார், வெளிமாநிலப் பலகை,
இரண்டு பேர், ஒரு நாய்.
ஒன்பது: வேறு கார். நாய் இல்லை.
(எனக்கு ஏனோ ஏமாற்றம்.)
பதினேழு: மூன்று பெண்கள். நள்ளிரவில் சிரித்தார்கள்.
படிவத்தில் சிரிப்புக்குக் கட்டம் இல்லை.
‘இரைச்சல்’ என்பதில் டிக் போட்டேன்.

எச்சரிக்கைக் கடிதத்தை நேரில் கொடுக்கப் போனபோது
கோல்ஃப் வண்டி நிறுத்தும் கொட்டகையின்
கதவடியில் வெளிச்சம்.
தட்டினேன். டெல்மர் ஹாஸ் திறந்தார்.
வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மடக்குக்கட்டில்,
சார்ஜர் பச்சையாய் மினுக்கும் இடத்தில் தலையணை,
பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் பல்செட் டம்ளர்.
அவருடைய கட்டிலில் அப்போது
யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்
ஓர் இரவுக்கு நூற்றி நாற்பது டாலருக்கு.

“ஆர்டித்தின் இல்லத்துக்கு மாதம் ஒன்பதாயிரம்,” என்றார்.
மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை,
தண்ணீர்க் கட்டணம் சொல்வது போல.
“அங்கே நானும் வருகையாளர்தான்.
தினமும் நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.
உள்ளே போனதும் அவள் படிப்பாள், எழுத்துக்கூட்டி:
வி-ருந்-தி-னர்.
உட்காருங்கள் என்பாள். ரொம்ப மரியாதையாக.”

கடிதத்தைத் திருப்பி எடுத்துவந்துவிட்டேன்.

என் மேசை இழுப்பறையில்
ஆரஞ்சு நிற அனுமதி அட்டைகள்,
ரப்பர் வளையம் இற்று ஒட்டிக்கொண்டவை.
மூன்று ஆண்டாய் ஒன்றும் கிழிக்கப்படவில்லை.
மகன் டுலூத்தில். வேலை. அப்புறம் பனி.
அப்புறம் மறுபடி வேலை.

வாசல் காவலர் ஒஸ்வால்டோவுக்கு ஃபோன் போட்டேன்.
“பதினாலுக்கு வருகிறவர்கள் என் கணக்கு.”
“உறவு?”
“அண்ணன் மகள்.”
அடுத்த வாரமும் அண்ணன் மகள்.
அதற்கடுத்த வாரம், குடும்பத்தோடு.
“உங்கள் அண்ணனுக்கு எத்தனை மகள்கள், மேடம்?”
“அவனுக்கே தெரியாது.”
தடுப்புக்கம்பி உயர்ந்தது.
எனக்கு அண்ணன் கிடையாது.

நன்றி என்றெல்லாம் டெல்மர் சொல்லவில்லை.
ஒருநாள் காலையில் என் வாசலில்
திராட்சைப்பழ மரத்துக் காய்கள் நாலு,
புளிப்பு தாளவில்லை. தின்றேன்.

பிப்ரவரிக் கூட்டம். எழுபது நாற்காலி.
நீச்சல்குளத்தில் யாரோ ஒரு பிள்ளை டயப்பரோடு இறங்கியதைப் பற்றி
அரைமணி நேரம்.
முன்பின் தெரியாதவர்கள் என்ற சொல்லை
முன்பின் தெரியாத ஒருவர் பதினோரு முறை சொன்னார்.
டெல்மர் கடைசி வரிசையில்,
சட்டையில் ஸ்டிக்கரை உரிக்க மறந்து.

வாடகைக்கு விட்டால் குறைந்தது தொண்ணூறு நாள்.
தீர்மானம் நிறைவேறியது. குறிப்பில் எழுதினேன்.
யார் கை தூக்கவில்லை என்பதை
எழுதும் வழக்கம் இல்லை.

மார்ச்சில் சாவிப்பெட்டி போய்விட்டது.
பிடியில் அது உரசிய தழும்பு மட்டும்.
வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள்.
ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது,
நாலாம் தேதி நாயா என்று எட்டிப் பார்த்தேன்.

அன்றிரவு டுலூத்திலிருந்து அழைப்பு.
“அம்மா, ஏப்ரலில் ஒரு வாரம் வரட்டுமா?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“நாலு நாள்தான்டா மிச்சம் இருக்கு,” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை.
பிறகு நாற்காலி பின்னால் நகரும் ஒலி.
“அம்மா, டாக்டர் என்ன சொன்னார்?
இப்பவே கிளம்புறேன்.”

திருத்தியிருக்கலாம்.
ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.