மூன்றாம் எண்

ஃபேர்பிரைஸ் பையில்தான் கொண்டுவந்தேன்,
நான்கு கார்புரேட்டரும் ஒட்டிப் பிறந்த ஒரே கட்டாக.
மின்தூக்கியில் ரோஸ்னானி மூக்கைச் சுருக்கி
"கேஸ் எங்கேயோ கசியுது" என்றார்.
ஏழாம் மாடி வரும்வரை
நானும் அவரோடு சேர்ந்து கவலைப்பட்டேன்.

வண்டி, பலமாடிக் கார்நிறுத்தத்தின் ஒரு தூணோரம்
பதினொரு மாதம் நின்றது.
வயிறு டாங்கில் இடித்த அன்று
சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தவள்
பெட்ரோலை வடிக்க மறந்துவிட்டேன்.
"வித்துடலாமே" என்றான் சுகுணன்,
மருந்தகத்தில் எங்கள் எண்ணுக்குக் காத்திருந்தபோது.
"சிஓஇ முடிய இன்னும் பத்தொன்பது மாசம்தானே?"
நான் எண்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
காக்கி புக்கிட்டில் முந்நூற்றெண்பது வெள்ளி கேட்டார்கள்.
ஒன்பது வெள்ளிக்கு ஒரு தெளிப்பான் வாங்கினேன்.

இரவு பதினொன்றரை. குழந்தை தூங்கிவிட்டாள்.
சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாள்.
ஜன்னல்களைத் திறந்து,
அடுப்பு மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து உட்கார்ந்தேன்.
திருகின் தலை மழுங்கினால் கதை முடிந்தது.
மூச்சை அடக்கி, அழுத்தி, கால் சுற்று.
முதல் கிண்ணம் கழன்றது.
உள்ளே பெட்ரோல் இல்லை.
பாகு காய்ந்த சட்டி மாதிரி
அடியில் மஞ்சளாய்ப் பிசுபிசுத்தது
நான் ஓட்டாத தூரம்.

ஐஸ்கட்டித் தட்டில் ஒரு குழிக்கு ஒன்று:
ஊசி, மிதவை, பெரிய ஜெட், சின்ன ஜெட்.
பாத்திரக் கூடையில், ஒரு கை தள்ளி,
பால் உறிஞ்சியின் புனலும் வால்வும் காய்கின்றன.
"ரெண்டையும் கலந்துடாதே."
கதவோரம் நின்று சுகுணன் சொன்னான்.
விளையாட்டா என்று தெரியவில்லை.
அங்கேயும் ஒரு மெல்லிய சவ்வு, இங்கேயும் ஒன்று;
இழுக்கிற அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற அதே வேலை.
இரண்டிலும் ஊசிமுனை அளவு கிழிந்தால் போதும்.

பெரிய ஜெட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம்.
சின்ன ஜெட்டில் இருட்டு.
பழைய சார்ஜர் கம்பியை உரித்து
ஒரே ஒரு செப்பு இழையை இழுத்தெடுத்தேன்.
வளைந்தது. மறுபடி வளைந்தது.
ஐந்தாம் தடவை, எதுவோ சம்மதித்தது போல், போனது.
தெளிப்பானை அடித்துவிட்டுக் கண்ணோரம் பிடித்தேன்:
எதிர் புளோக்கின் எட்டாம் மாடியில்
யாரோ பள்ளிச் சட்டை தேய்க்கிறார்கள்.
ஆளும் சட்டையும் தேய்க்கிற மேசையும்
அந்தத் துளைக்குள் அடங்கியிருந்தன.

மூன்றாம் எண்ணில் கை வைத்திருந்தபோது அழுகை.
சவர்க்காரம், எலுமிச்சை, காப்பித்தூள்,
முழங்கைவரை தேய்த்துக் கழுவியும்
மகள் என் மார்பில் மூக்கை வைத்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சுகுணன் போத்தலைச் சூடாக்கினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அவள் மடக் மடக்கென்று குடிப்பதைக் கேட்டபடி
மூன்றாவதன் கிண்ணத்தை மூடினேன்.
அதன் சின்ன ஜெட்டுக்குள் இழையை விட்டேனா?
விட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை, கார்நிறுத்தம்.
மாட்டி முடிக்கவே இரண்டு மணி நேரம்.
பொத்தானை அழுத்தினேன், இருமியது.
கெஞ்சினேன், நின்றது.
திட்டினேன், பிடித்துக்கொண்டது.
ஆனால் ஒரு நொண்டல்;
தாளத்தில் யாரோ ஒருவர் கைதட்ட மறப்பது போல.
விரலைத் தண்ணீரில் நனைத்து
புகைக்குழாய்களை ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஒன்று, சுர்.
இரண்டு, சுர்.
மூன்று,
காலைத் தூணின் குளிர்ச்சி.
நான்கு, சுர்.

சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள்
பரவத் தொடங்கியிருந்தன. எழுந்திருப்பாள்.
கைப்பேசி அடித்தது.
"ஓடுதா?"
பதில் சொல்லாமல் குழாயின் பக்கம் நீட்டினேன்.
கேட்டான், கொஞ்ச நேரம்.
"ஒண்ணு வேலை செய்யலை போல."
"மூணாவது" என்றேன். "அந்த ஐஸ் தட்டைக் கழுவிடாதே."
"நேத்தே தனியா எடுத்து வெச்சுட்டேன்" என்றான்.
"நீ மேல வா. போத்தலைத் தட்டிவிடுறா."